நெத்தி லைட்டு மேல ஒரு குத்தம்

மாசி 4, செவ்வாய்

இது உரக்கடைக்காரன் கொடுத்த டைரி. நான் படிச்சது மூணாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதிப் பாதிக்கு மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க. இருந்தாலும் எழுத்துக் கூட்டி எழுதிருவேன். எனக்கு எதுவும் மறக்காது. மத்தவங்களுக்குத்தான் வசதியா மறந்து போகுது. அதுக்காகத்தான் தேதி போட்டு எழுதறேன். நாளைக்கு யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே அத்தை"ன்னு கையை விரிக்கக் கூடாது.

முதல் குறிப்பு. இன்னிக்கு என் மருமக கலாமணி ஒரு நெத்தி லைட்டு வாங்கிட்டு வந்து என் மடியில போட்டா. மாட்டுக்குக் கட்டற முகரைக் கயிறு மாதிரி ஒரு ரப்பர் பட்டை, அதுல ஒத்தைக் கண்ணு.

"எதுக்கு இது?"

"மல்லிப் பூப் பறிக்கத்தானுங்கத்தை. ஊரே இதைக் கட்டிக்கிட்டுத்தான் பறிக்குது. நீங்க மட்டும் இன்னும் பேட்டரி லைட்டை வாயில கடிச்சுக்கிட்டு..."

"என் வாய், என் பல்லு. உனக்கு எங்க வலிக்குது?"

சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா. அந்தச் சிரிப்பையும் எழுதி வெச்சுக்கறேன்.

மாசி 6, வியாழன்

வெடியால நாலு மணிக்குக் கட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு கையும் காலியா இருக்குது. அதை மட்டும் ஒத்துக்கறேன். ஒரு கையில கிளையை வளைச்சு, இன்னொரு கையில மொட்டைக் கிள்ள முடியுது. எச்சில் ஒழுகறதில்லை.

குறையும் இருக்குது. கலாமணி நெத்தியில எரியற லைட்டைப் பார்த்தா அதைச் சுத்தி வட்டமா கலர் கலரா கோட்டை கட்டுது, மழைக்கு முந்தி நிலாவைச் சுத்திக் கட்டுமே, அது மாதிரி. மட்டமான கண்ணாடி. விலை கம்மியா இருந்திருக்கும், அதான் வாங்கியிருக்கா.

பூக்காட்டுல இதுக்கு ஒரு மரியாதை உண்டு. எதிர்ல ஆள் வந்தா லைட்டை மேல தூக்கி விட்டுட்டுத்தான் பேசணும். இல்லேன்னா மூஞ்சியில அடிக்கும். அக்கட்டால, அந்தப் பக்கத்துக் காட்டுல இருக்கிற ஒருத்திக்கு அந்த மரியாதை தெரியாது. வரப்பு தாண்டி என் பக்கமே லைட்டைத் திருப்பி வெச்சுக்கிட்டு நின்னா. அவ பேரை எழுதக் கூடாதுன்னு இருந்தேன். டைரிக்குத் தெரியணுமே, எழுதறேன். பழனாத்தா. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. நானும் அவளும் பேசிப் பத்தொம்பது வருஷமாச்சு.

மாசி 11, செவ்வாய்

எங்க மாடு மயிலை கன்னு போட்டுச்சு. கன்னோட முன்னங்கால் மடங்கி நின்னுக்கிச்சு. நாச்சிமுத்து, என் மகன், மாட்டு டாக்டருக்கு போன் போட்டுப் போட்டு நிக்கறான். நான் நெத்தி லைட்டைக் கட்டிக்கிட்டுக் கட்டுத்தரையில உக்காந்தேன். லைட்டு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியலை, எல்லாம் ஒரே வெள்ளைப் புகை. கையை விட்டேன். கை பார்த்துக்கிச்சு. காலை நேராக்கி இழுத்தேன், கெடாரி, பொட்டைக் கன்னு, வந்து விழுந்துச்சு.

"லைட்டு இருந்ததால ஆச்சும்மா" அப்படிங்கறான். நாப்பது வருஷமா எந்த லைட்டை வெச்சு இழுத்தேன்?

மாசி 15, சனி

லைட்டோட உபயோகத்தையும் எழுதிடணும், நியாயம்னு ஒண்ணு இருக்குது. அட்டாலிப் பரணுக்கு அடியில கோழி ஒளிச்சு வெச்ச முட்டை ஏழும் கிடைச்சுது. தண்ணித் தொட்டிக்குள்ள தலையை விட்டு அடைப்பை எடுக்க முடிஞ்சுது. விறகு இடுக்குல கையை விடறதுக்கு முந்தி தேளு இருக்குதான்னு பார்க்கலாம். கரண்டு போனா தோசையைத் திருப்பலாம்.

சாயங்காலம் பொழுதோட செடிக்குள்ள ஒரு கட்டுவிரியன். மம்முட்டிக் காம்பால நாலு போடு போட்டேன். பார்த்தா சொட்டுநீர் ஓசு. அதை அங்க சுருட்டிப் போட்டது நாச்சிமுத்து. எட்டு இடத்துல தண்ணி பீச்சுது. அவன் மேலதான் தப்பு, ஆனா அவன் என்னைத்தான் முறைச்சான்.

மாசி 19, புதன்

பூ வண்டிக்காரன் துரைசாமி இன்னிக்கு என் கூடையை மட்டும் சாக்குல கொட்டிக் கிளறிப் பார்த்தான்.

"ஏனுங்க ஆத்தா, பாதிக்குப் பாதி பச்சை மொட்டா இருக்குதுங்க. இது மூணு நாள் கழிச்சு விரியறதுங்க. நீங்க இப்படிப் பறிக்க மாட்டீங்களே?"

இந்தத் துரைசாமிக்கு மூக்கு ஒழுகும்போது துடைச்சு விட்டவ நான். "அது கலாமணி பறிச்சது, கூடை மாறிப்போச்சு"ன்னு சொன்னேன். கலாமணி பக்கத்துலதான் நின்னா. என் மூஞ்சியையே பார்த்தா. அவ பேசாம இருந்தது எனக்குப் பிடிக்கலை. திருப்பிப் பேசியிருந்தா ஒரு பாட்டம் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாசி 20, வியாழன்

இன்னிக்கும் பச்சை மொட்டு. லைட்டுதான் காரணம். அந்த வெளிச்சத்துல பச்சையும் வெள்ளையா அடிக்குது.

மாசி 27, வியாழன்

பகல்ல லைட்டைக் கட்டிக்கிட்டு அரிசியில கல்லு பொறுக்கினேன். தப்பா? கலாமணி வாசப்படியில நின்னு, "அத்தை, பன்னண்டு மணி வெயிலுங்க"ன்னா.

"எனக்கும் தெரியும். லைட்டுக்குப் பழக்கம் குடுக்கறேன்."

"லைட்டுக்கா?"

கல்யாணமாகி வந்த மறுநாள் இவ வெச்ச ரசத்துல புளி இல்லை. கேட்டதுக்கு, "எங்க வீட்டுல எல்லாம் தக்காளிதானுங்க"ன்னா. இருபத்திரெண்டு வருஷமாச்சு. எங்க வீட்டுலயாம். அன்னிக்கே எனக்குத் தெரியும், இவ ஒரு நாள் வாசப்படியில நின்னு என்னை இப்படிப் பார்ப்பான்னு.

டைரியில கோடு சரியாப் போடலை. போன பக்கம் நல்லா இருந்துச்சு. இந்தப் பக்கத்துல கோடே இல்லை.

பங்குனி 3, புதன்

மாரியம்மன் கோயில்ல பொங்கல். பழனாத்தா வந்திருந்தா. கண்ணாடி கூட இல்லாம கோயில் சுவத்துல எழுதியிருக்கிற நன்கொடைப் பேரையெல்லாம் சத்தமாப் படிக்கறா. எனக்குக் கேக்கணும்னே படிக்கறா.

இதை இன்னிக்கு எழுதித்தான் ஆகணும், நெஞ்சு எரியுது.

பத்தொம்பது வருஷத்துக்கு முந்தி, வறட்சி. ரெண்டு வீட்டுக்கும் சேர்ந்த கிணறு. ஒரு நாள் எங்க முறை, ஒரு நாள் அவங்க முறை, பொழுது கிளம்புனதுல இருந்து மறுநாள் பொழுது கிளம்பற வரைக்கும். கிணத்துல முழங்கால் அளவு தண்ணி. அன்னிக்கு எங்க முறை. நான் வெடியால மூணு மணிக்குப் போனா, தண்ணி அவங்க காட்டுல பாஞ்சுக்கிட்டிருக்குது. நான் நட்டு ரெண்டு மாசமான மல்லி நாத்து அத்தனையும் காஞ்சு போச்சு. பழனாத்தாளை இழுத்து வெச்சுக் கேட்டேன். "நான் மோட்டாரு போடலைக்கா"ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. வாயில மண்ணைப் போட்ட மாதிரி நின்னா.

கிணத்து மேட்டுல நின்னு மண்ணை வாரித் தூத்தினேன். "என் தண்ணியைத் திருடினவ கண்ணு அவிஞ்சு போகணும்"னு சொன்னேன். ஊரே பார்த்துச்சு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார்.

பத்து வருஷம் ஆச்சு, ஆனா பலிச்சுது. அவளுக்கு ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு. சொவத்தைத் தடவிக்கிட்டு நடந்தா. நான் சந்தோஷப்பட்டேன். பொய் எழுத மாட்டேன், சந்தோஷப்பட்டேன். அப்புறம் யாரோ கூட்டிக்கிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, கண்ணைப் புதுசா மாத்திக்கிட்டு வந்துட்டா. என் சொல்லை ஒரு டாக்டரு ஒரே நாள்ல அழிச்சுட்டாரு.

தூத்தினவளே அந்த இடத்துல தன் கையால தண்ணி விட்டாத்தான் தூத்தின சொல்லு ஆறும்னு எங்க ஆத்தா சொல்லுவா. நான் விட மாட்டேன். பத்தொம்பது வருஷமா அந்த மேட்டைக் கடந்துதான் பூக்காட்டுக்குப் போறேன். ஒரு சொட்டு சிந்தினதில்லை.

பங்குனி 14, ஞாயிறு

நாச்சிமுத்து பக்கத்துல வந்து உக்காந்தான். அவன் பக்கத்துல உக்காந்தாலே ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்.

"அம்மா, வர்ற வாரம் கண்ணு முகாம் போடறாங்க. சும்மா ஒரு எட்டு..."

"யாருக்குக் கண்ணு?"

"கோவிச்சுக்காதம்மா. நீ நேத்து கன்னுக்குட்டிக்கு வெக்கிற தவிட்டை நாய்த் தட்டுல கொட்டின."

"நாயும் திங்கட்டும்னு கொட்டினேன்."

"சித்திக்கும் இப்படித்தான் இருந்துச்சாம். இப்ப பாரு..."

சித்தின்னான். என் வாசல்ல உக்காந்துக்கிட்டு, என் வயித்துல பொறந்தவன், அவளைச் சித்திங்கறான். அவளுக்கு வந்தது எனக்கும் வந்திருக்குதுங்கறான். எனக்கு யாரு மண்ணைத் தூத்தினது? நான் எவ தண்ணியைத் திருடினேன்? எனக்கு எதுக்கு வரணும்?

அதுக்கப்புறம் கிணறு, தூரு வாரறதுன்னு என்னமோ ஆரம்பிச்சான். நான் எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். இன்னியிலிருந்து அவன்கூடப் பேச்சில்லை.

பங்குனி 22, திங்கள்

லைட்டு மோசமாயிட்டே வருது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன், அப்படியும் கஞ்சித் தண்ணிக்குள்ள இருந்து பார்க்கிற மாதிரிதான் இருக்குது. கண்ணாடியைச் சீலைத் தலைப்பால துடைச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன். கலாமணி வாங்கிக் கட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தானுங்க எரியுது"ன்னா. அவளும் அந்தக் கடைக்காரனும் கூட்டு.

நான் இப்ப எண்ணித்தான் நடக்கறேன். இதை யார்கிட்டயும் சொல்லலை. வாசல்ல இருந்து நாப்பத்தெட்டு எட்டு வெச்சா இடது கைக்குக் கிணத்து மேட்டுக் கல்லுக்கால் தட்டுப்படும். அதைத் தொட்டு வலப்பக்கம் திரும்பினா பூக்காடு. எந்தச் செடி எங்க வளைஞ்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும், எல்லாம் நான் நட்டது. வெளிச்சம் எதுக்கு? எனக்குத்தான் மறக்காதே.

சித்திரை 6, திங்கள்

நாச்சிமுத்துகூடப் பேசி மூணு வாரமாச்சு. அவன் என்னமோ சொல்ல ரெண்டு தடவை வந்தான். ரெண்டு தடவையும் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன், அவன் பார்க்கிற மாதிரி.

சித்திரை 7, செவ்வாய்

எழுத்து கோணினா கோணட்டும்.

வெடியால கலாமணி எந்திரிக்கறதுக்கு முந்தியே லைட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். நாப்பத்தெட்டு எட்டு. கையை நீட்டினா கல்லுக்கால் இல்லை. எண்ணிக்கை தப்பிருச்சு போலன்னு இன்னும் ரெண்டு எட்டு. இல்லை. இன்னும் ஒண்ணு.

"நில்லுடி!"

அக்கட்டால காட்டுல இருந்து. "நில்லுடி! காலை எடுக்காத! கிணறு! அப்படியே நில்லு!"

நின்னேன். என் கால் விரலுக்கு முன்னால மண்ணு சரிஞ்சு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கீழ தண்ணியில விழற சத்தம் கேட்டுச்சு. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம்னு எழுத எனக்குப் படிப்பு பத்தாது.

தூரு வாரக் கிரேன் வண்டி நிறுத்தறதுக்கு நேத்துப் பொழுதோட கல்லுக்காலைப் பிடுங்கிட்டாங்களாம். நாச்சிமுத்து ரெண்டு தடவை சொல்ல வந்தது இதைத்தானாம். நான் பஞ்சு வெச்சிருந்தேன்.

வரப்புத் தாண்டி ஒரு லைட்டு ஓடி வந்துச்சு. கோட்டை கட்டின லைட்டு, ஆடி ஆடி வந்துச்சு. என் கையைப் பிடிச்சுப் பின்னால இழுத்து உக்கார வெச்சா. பழனாத்தா. மூச்சு இரைக்குது அவளுக்கு. தன் லைட்டை மேல தூக்கி விட்டா. என் லைட்டையும் அவளே மேல தூக்கி விட்டுட்டு, என் தாடையைப் பிடிச்சு நிமித்தி, என் கண்ணை உத்துப் பார்த்தா.

"வெள்ளை விழுந்து கிடக்குது. ரெண்டுலயும். எத்தனை மாசமா?"

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

"ஒரு மாசமா உன் லைட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். பூப் பறிக்கிற லைட்டு செடிக்குச் செடி நகரும். உன்னுது ஒரே செடியில நின்னு மேலயும் கீழயும் அலையும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இன்னிக்கு அது நேரா கிணத்தைப் பார்த்து வருது. ஏ, பேசு."

"டி போட்டா கூப்பிடற?" இதுதான் என் வாயில வந்துச்சு. பத்தொம்பது வருஷம் கழிச்சு நான் அவகிட்டப் பேசின முதல் பேச்சு இதுதான். மாத்தி எழுத மாட்டேன்.

சிரிச்சுட்டா. கிணத்து மேட்டுல உக்காந்துக்கிட்டு, உசிரு போற நேரத்துல, சிரிக்கறா. அப்புறம் கேட்டா, "எனக்கு நீ மண்ணைத் தூத்தின, கண்ணு போச்சு. சரி. உனக்கு யாரு தூத்தினாங்க?"

"நீதான் தூத்தியிருப்ப."

"எனக்குப் பூப் பறிக்கவே நேரம் பத்தலை, இதுல மண்ணு எங்க வாரறது?"

லைட்டை அணைச்சுட்டா. இருட்டுல சொன்னா: "அன்னிக்கு மோட்டாரு போட்டது பெரிய மாமாதாங்க்கா."

பெரிய மாமான்னா என் வீட்டுக்காரர்.

"எங்க நாத்து வாடுறதைப் பார்த்துட்டு, தம்பி காடு காயுதேன்னு அவரே வந்து போட்டு விட்டாரு. உனக்குத் தெரிஞ்சா அவரை வீட்டுல இருக்க விட மாட்டியாம், சொல்லிராதேன்னு கெஞ்சினாரு. நீ மண்ணைத் தூத்தும்போது அவரு சொல்லுவாருன்னு பார்த்தேன். சொல்லலை. செத்தும் போயிட்டாரு. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"பொய்யி"ன்னேன்.

"சரி, பொய்யி. எந்திரி. வீட்டுல விட்டுட்டுப் போறேன், எனக்கு வண்டி வர நேரமாச்சு."

கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா. வழியெல்லாம் நான் எண்ணலை.

சித்திரை 8, புதன்

அவ சொன்னது பொய்யி. இப்படித்தான் எழுதி வைக்கறேன்.

அவர் அன்னிக்கு ஏன் தலையைக் குனிஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஒரு வருஷம் பூரா என் தட்டுல கேக்காமலே கறியை எடுத்து வெச்சாரே, ஏன்னு தெரியாது. சாகறதுக்கு முந்தின நாள் "கிணத்து மேட்டுல ஒரு சொம்புத் தண்ணி ஊத்திரு மாராத்தா"ன்னாரு. காய்ச்சல்ல பிதற்றறாருன்னு போர்வையை இழுத்து விட்டேன். எனக்கு எதுவும் மறக்காதுன்னு நான் பீத்திக்கிட்டது தப்பு. மறக்கலை. ஞாபகம் வெச்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருந்திருக்கேன்.

பொழுதோட நாச்சிமுத்தைக் கூப்பிட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அவன் அழுதான். இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு இது ஒண்ணுதான் தெரியும். பேச வேண்டிய நேரத்துல பேச மாட்டாங்க.

சித்திரை 20, திங்கள்

வலது கண்ணு ஆச்சு. கட்டு. ஒத்தைக் கண்ணால தடவி எழுதறேன். நர்சு என்னைப் பாட்டின்னு கூப்பிட்டுக் குனியாதீங்க, அடுப்புக்கிட்டப் போகாதீங்க, தலைக்கு ஊத்தாதீங்கன்னு ஏழு உத்தரவு போட்டா. என் மாமியா கூட அத்தனை போட்டதில்லை.

சித்திரை 28, செவ்வாய்

நம்ம வரிசையை யாரு பறிக்கறதுன்னு கேட்டேன். கலாமணி தயங்கித் தயங்கி, "சின்னத்தை வந்து பறிச்சுத் தர்றாங்க. அவங்க காட்டை முடிச்சுட்டு"ன்னா.

கூடையைக் கொண்டு வரச் சொல்லிக் கிளறினேன். ஒரு பச்சை மொட்டு இல்லை. ஒண்ணாவது இருக்கும்னு அடி வரைக்கும் தேடினேன். அந்த ஆத்திரத்துல சாப்பிடலை.

வைகாசி 5, புதன்

இந்த டைரியை முதல்ல இருந்து படிச்சேன். ஒரே அசிங்கம். பங்குனி மாசத்து எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. கோடு எல்லாப் பக்கத்துலயும் இருக்குது, நல்ல நீலக் கோடு.

நெத்தி லைட்டை எடுத்துப் பார்த்தேன். நான் சாம்பல் போட்டுத் தேச்ச கீறலைத் தவிர அதுல ஒரு குறையும் இல்லை. கலாமணிகிட்ட அதைச் சொல்லலை. ஆனா இன்னிக்கு ரசம் நல்லா இருக்குதுன்னு சொன்னேன். தக்காளி ரசம். அவ கரண்டியைக் கீழ போட்டுட்டா.

பழனாத்தாளை நேத்துப் பகல்ல பார்த்தேன், வரப்பு மேல. கிழவியாயிட்டா. தலை பூரா பஞ்சு. நான் மனசுல வெச்சு வஞ்சுக்கிட்டு இருந்தது கருகருன்னு முடி வெச்சவளை. அவளும் என்னை அப்படித்தான் பார்த்தா போல. ரெண்டு பேரும் பேசலை. என்னை டி போட்டுக் கூப்பிட்டதுக்கு அவ இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை, நானா போய்ப் பேச மாட்டேன்.

இன்னிக்கு வெடியால எல்லாரும் தூங்கும்போது லைட்டைக் கட்டிக்கிட்டு, ஒரு சொம்புத் தண்ணி மொண்டுக்கிட்டுக் கிணத்து மேட்டுக்குப் போனேன். புதுசா கம்பி வேலி போட்டிருக்கான் நாச்சிமுத்து. மண்ணைத் தூத்தின அன்னிக்கு நான் நின்ன இடம் எனக்குத் தெரியும். மொத்தத்தையும் ஊத்தினேன். மண்ணு சத்தமே இல்லாம குடிச்சுக்கிச்சு.

அக்கட்டால காட்டுல ஒரு லைட்டு செடிக்குச் செடி நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஊத்தி முடிக்கிற வரைக்கும் அது நகராம நின்னுச்சு. அப்புறம் மேல தூக்கி விட்டாப்பல வெளிச்சம் வானத்தைப் பார்த்துத் திரும்புச்சு.

திரும்பி வரும்போது கலாமணி வாசல்ல நின்னா. வெறும் சொம்பைப் பார்த்துட்டு, "எங்கீங்கத்தை போனீங்க?"ன்னா.

செடிக்குத் தண்ணி ஊத்தினேன்னு சொன்னேன். அந்த மேட்டுல செடி எதுவும் கிடையாது.